நெட்டச்சியின் அளவுகள்

கொரடாச்சேரிப் பால் சங்கத்துக்குப் பின்புறம்
வேப்பமரத்தில் கட்டிய கிடாரியை அளக்கிறேன்.
மார்புச் சுற்று. இடுப்பெலும்பின் அகலம்.
முன்னங்குளம்பிலிருந்து தோள்மேடு வரை உயரம்.
தையற்கடை நாடாதான்; துறை கொடுத்ததை
போன மாரியில் எலி தின்றது.
"உயரம் இருக்கு, ஒடம்பு இல்லையே" என்கிறாள்
தையல்நாயகி,
தன் மகளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்
சொன்னதைத் திருப்பிச் சொல்வதுபோல.

இதை முதலில் தொட்டவள் நான்.
ஐப்பசியில் தாய்க்குச் சினை ஊசி போட்டேன்.
தைக் கடைசியில் தோள்வரை உறை மாட்டி
உள்ளே தேடினேன்:
விரல்நுனிக்கு ஓர் எலி.
பங்குனியில் பூனை.
அதற்குப்பின் கைக்கு எட்டாமல் கீழே இறங்கிவிட்டது,
கயிறு அறுந்து கிணற்றில் போன குடம் மாதிரி.

அந்தத் தையில்தான் அறுப்புக்கு நடுவே மழை.
சம்பா வைக்கோல் போரோடு கறுத்தது.
சித்திரையில் உளுந்துச் செடியும் தீர்ந்து
வைகாசி முழுக்க அவள் வைத்தது
கறுத்த வைக்கோல், கழுநீர்,
ரேஷன் அரிசி வடித்த கஞ்சி.
ஆனி வந்தது. மேட்டூர் திறக்கவில்லை.
வெட்டாற்றங்கரை அருகம்புல்
மண்ணா புல்லா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

கடைசி மூன்று மாதம்தான்
உள்ளே இருப்பது எடை போடும் காலம்.
வரத்து குறைந்தால் அது முறை வைக்கும்.
முதலில் தலை.
அடுத்து கால். பிறந்த ஒரு மணியில்
எழுந்து நின்றாக வேண்டுமே, கால் காத்திருக்காது.
விலாவும் இடுப்பும் தோள்சதையும்
கடைமடை.
தலைமடை குடித்து விட்டதுதான் அங்கே.

ஆடி பதினொன்று.
நனைந்த சாக்காய் விழுந்து
நாலு மூங்கிலை ஊன்றி எழுந்தது.
நெட்டச்சி என்று அன்றே பெயர்.
பிறகு சங்கத் தீவனம், தாது உப்பு,
கடன் வாங்கி நட்ட கோ-நாலு கரணை.
சதை வந்தது. அகலம்
வர வேண்டிய அளவுக்கு வரவில்லை.
உம்பளாச்சேரிக் கன்று சிவப்பாய்ப் பிறந்து
ஆறேழு மாதத்தில் சாம்பலாகும்.
நிறத்துக்கு அந்த அவகாசம் உண்டு.

கூத்தாநல்லூர்த் தரகர் நெய்னா முகமது
நாடா எடுக்கவில்லை.
ஒரு சுற்று வந்தார். பின்னால் நின்று பார்த்தார்.
தையல்நாயகியின் புருஷன் கையைத் துண்டுக்குள் வாங்கி
மூன்று விரலை அழுத்தினார், ஒன்றை விட்டார்.
"வயித்துல இருக்கையில பட்டினி" என்றார்.
"ஒங்களச் சொல்லி என்ன."
டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

என் பதிவேட்டில் குறைகளுக்கு இரண்டு கட்டம்:
பிறவி, வளர்ப்பு.
அந்த ஆனி மாதத்தை எதில் எழுதுவது?
நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்.
மேலதிகாரி சிவப்பில் கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

ஒன்றை மட்டும் தையல்நாயகியிடம் சொல்லவில்லை.
கிடாரியின் கருமுட்டைகள்
அதன் தாய் வயிற்றிலேயே உருவாகிவிடும்.
இனி இது ஈனப்போவதன் பாதியும்
அந்த வைகாசியில் அங்கேதான் இருந்தது,
கறுத்த வைக்கோலுக்கு உள்ளே.

இன்று உறை மாட்டுகிறேன்.
நெட்டச்சி வாலைச் சுழற்றி என் கன்னத்தில் அறைகிறது.
இந்த வருஷம் தண்ணீர் வந்துவிட்டது;
நுரையும் ஆகாயத்தாமரையும் ஒரு ரப்பர் செருப்பும்
மதகில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.
சாணியை ஒதுக்கி, இன்னும் கொஞ்சம் உள்ளே.
அங்கே, வழுக்கி விலகுகிறது
எலி.

"மூணு மாசம்" என்கிறேன்.
அவள் முகம் மாறவில்லை.
"புண்ணாக்கு மூட்டை இப்ப என்ன வெல?"
சொன்னேன்.
கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டாள்.
கிடாரியின் விலாவை
ஓர் எலும்பு விடாமல் பார்த்தாள்.
"அரை மூட்டை குடுப்பாங்களா?"